இரண்டாம் முறை கேட்ட பூ

எங்கள் மில்லில் மிளகாய் அரைக்கிற நாளில், சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கிறவர்களில் பாதிப் பேர் தும்முவார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார்கள். பழகினவர்கள், "மில்லு ஓடுது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. இப்போது அந்த இடத்தில் ஒரு செல்போன் கடை இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் காற்று அடைத்த ஒரு பொம்மை. தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். இப்போது அங்கே யாரும் தும்முவதில்லை.

அந்த இடம் எப்படிக் கையை விட்டுப் போனது என்பதைத் தேனியில் போலீசுக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவன் மூன்று பக்கம் எழுதுவது பெரிய காரியம். ஆனால் அந்த மூன்று பக்கத்திலும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒன்றைச் சேர்த்து எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

மில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு மெஷின். ஒன்று அரிசி, கேழ்வரகு, கோதுமைக்கு. இன்னொன்று மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. வாடகைக் கட்டடம். மார்க்கையன்கோட்டையிலிருந்து நெல் விவசாயிகள் வீட்டுக்கு வேண்டிய மாவு அரைக்க வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மேகமலையிலிருந்து எஸ்டேட் பெண்கள் இறங்கி வருவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் மிளகாய் மூட்டையை எங்களிடம் போட்டுவிட்டு, "பஸ்ஸு கெளம்புறதுக்குள்ள அரச்சு வச்சிருங்கண்ணே" என்று சொல்லிச் சந்தைக்குப் போவார்கள். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு முன் சூடு ஆறாத பொடியை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்தப் பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு மலையில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டுக்குப் போக வழியில்லை. அதனால் மில் இரண்டு தெரு தள்ளிப் போனாலும் அவர்கள் வரமாட்டார்கள். மெஷினை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த இடத்தை வாங்க முடியாது. எங்களுக்கு அந்த இடம்தான் தொழில்.

செவ்வாயும் வெள்ளியும் மெஷினைப் போட்டதும் முதல் பிடி பச்சரிசி எங்கள் ஊர் அம்மனுக்கு. அந்த மாவை என் மனைவி எடுத்துப் போய் மாவிளக்குப் போடுவாள். ஆடி மாதம் ஊர்ப் பெண்கள் யார் மாவிளக்குக்கு அரிசி கொண்டுவந்தாலும் கூலி வாங்கமாட்டோம். அம்மன்தான் மில்லை ஓட்டுகிறாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு ஐப்பசி மாதம் கட்டடக்காரர் வந்தார். அரைப்பதற்கு ஒன்றும் கொண்டுவராமல் வந்தார். மெஷினை நிறுத்தினேன்.

"தம்பி, பையன் திருப்பூர்ல கம்பெனி போடுறான். இத வித்துக் குடுன்னு நிக்கிறான். வெளியில பதினேழு லட்சத்துக்குக் கேக்குறாக. நீங்க இத்தன வருசம் இருந்தவுக, ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். தை முடிய பாப்பேன். அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார்.

நல்ல மனிதர். மூன்று மாதத்துக்கு மேல் கெடு கொடுத்தார். நகையையும் சேர்த்தால் எங்களிடம் எட்டு லட்சம் தேறும். இன்னும் ஒன்பது வேண்டும்.

வங்கிக்குப் போனேன். சின்ன வயது அதிகாரி, ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு வருடக் கணக்கு, வருமான வரி கட்டிய தாள், இடத்தின் பத்திர நகல், வில்லங்கச் சான்று எல்லாம் கொண்டுவரச் சொன்னார். தேனியில் ஒரு ஆடிட்டரிடம் போனேன். அவர் என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். மிளகாய்த்தூள் பறந்து இரண்டு தடவை தும்மினார். "இதச் சரி பண்ண ரெண்டு மாசமாச்சும் ஆகும்" என்றார். இரண்டு மாதம் என்றால் மார்கழி. அதற்குப் பிறகு வங்கி பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் தைக்குள் நடந்திருக்கக் கூடிய காரியம்தான். ஆனால் எனக்கு அது "இல்லை" என்று சொன்ன மாதிரி இருந்தது. நோட்டுகளை அவரிடம் போட்டுவிட்டு நம்பிக்கை இல்லாமல் திரும்பினேன்.

எங்கள் பஜாரில் கடன் என்பது வேறு. காலையில் கேட்டால் சாயங்காலம் கையில் இருக்கும். பத்தாயிரம் கேட்டால் வட்டியை முதலிலேயே கழித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கொடுப்பார்கள். அதில் இரக்கம் கிடையாது. ஆனால் ஒன்று உண்டு. கொடுக்கிறவர் அரை நாள் நம் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். எத்தனை பேர் வருகிறார்கள், என்ன அரைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பையைத் திறப்பார். நாற்பது வயதுக்கு மேல் ஆன எனக்கு இது தெரியும். தெரிந்திருந்தும்தான் இது நடந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் போனில் ஒரு விளம்பரம் வந்தது. மேலே அரசு முத்திரை. சிறு தொழில் செய்வோருக்குக் கடன், ஈடு வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு மானியம். கீழே நம்பர் போடச் சொல்லிக் கட்டம். போட்டேன். நான் போனை வைத்துவிட்டு ஒரு படி மல்லி அரைத்து முடிப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

"சார், உங்க அப்ளிகேஷன் பார்த்தோம். நீங்க எலிஜிபிள் சார். ஒன்பது லட்சம் சாங்ஷன் பண்ணலாம்."

நான் எந்த அப்ளிகேஷனும் போடவில்லை. நம்பர் மட்டும்தான் போட்டேன். அதைக்கூட அப்போது நினைக்கவில்லை. ஒன்பது என்ற சொல் காதில் விழுந்ததும், இது அம்மன் அனுப்பின ஆள் என்று தோன்றிவிட்டது. எத்தனை லட்சம் வேண்டும் என்று நம்பருக்குக் கீழே இருந்த இன்னொரு கட்டத்தில் நானே தட்டியிருந்தேன் என்பது பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

"மில்ல வந்து பாக்கலையா சார்?" என்று கேட்டேன்.

"போட்டோ அனுப்புங்க சார், போதும்."

பத்தாயிரம் கொடுக்கிறவன் அரை நாள் உட்கார்ந்து பார்க்கிற ஊரில், ஒன்பது லட்சம் கொடுக்கிறவனுக்கு ஒரு போட்டோ போதும் என்றான். எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. ஆதார், பான், பாஸ்புக், கையெழுத்துப் போட்ட ஒரு செக் எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். பிறகு ஃபைல் சார்ஜ் என்று நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது கேட்டான். இன்றைக்கு ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் நம் மாவட்டத்துக்கு உள்ள கோட்டா வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்றான்.

"நாளைக்குச் செவ்வாக்கெழம சார். கோயிலுக்குப் போயிட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவன் குரலே மாறிவிட்டது. "கண்டிப்பா சார். சாமி கும்பிட்டுட்டே அனுப்புங்க. நாங்களும் எந்த ஃபைலையும் சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டுத்தான் சார் ஓப்பன் பண்ணுவோம்."

அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் அதைத்தான் சொன்னேன். வட்டி எத்தனை, மானியம் எத்தனை என்றெல்லாம் சொல்லவில்லை. "சாமி படத்துக்கு முன்னால ஃபைல வைக்கிற ஆளுக" என்று சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் தொடங்குமுன் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றிப் பாதத்தில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், தோட்டத்தில் போர்வெல் போடக் கேட்பார்கள். நான் மில் தொடங்கினபோதும் கேட்டேன். வெள்ளை வந்தது.

அந்தச் செவ்வாய் காலையில் முதல் பிடி அரிசியை அரைத்துக் கொடுத்துவிட்டு அப்படியே கோயிலுக்குப் போனேன். கூட்டம் இல்லை. பூசாரி வயதில் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். நந்தியாவட்டையும் செவ்வரளியும் மடித்து வைத்தார். இந்தக் கடனை வாங்கலாமா என்று மனதுக்குள் கேட்டேன். அவர் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

செவ்வரளி.

கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு என் சட்டையைப் பார்த்தேன். முந்தின நாள் அரைத்த மிளகாய் நெடி அதில் இருந்தது.

"அண்ணே, குளிக்காம வந்துட்டேன். ஒடம்பெல்லாம் மொளகாத்தூளு. இது செல்லாதுண்ணே. இன்னொருக்க கேப்போம்" என்றேன்.

"ஒருக்கதான் கேப்பாக தம்பி."

"சுத்தமில்லாமக் கேட்டா எப்படிண்ணே செல்லும்?"

"செல்லாதுன்னு ஆத்தா சொன்னாளா, நீ சொல்றியா?" என்றார் பூசாரி.

நான் வெளியே குழாயடிக்குப் போய் வேட்டியோடு குளித்தேன். ஈரத்தோடு வந்து நின்றேன். தட்டில் எப்போதும் இருபது ரூபாய் போடுகிறவன் அன்றைக்கு நூறு ரூபாய் போட்டேன். அவர் அந்த நூறு ரூபாயை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வேறு பூக்களை மடித்தார். இந்தத் தடவை வெள்ளை வந்தது.

இப்போது நினைத்தால், அந்த நூறு ரூபாயும் ஒரு ஃபைல் சார்ஜ்தான். அவனுக்குக் கட்டுவதற்கு முன்னாலேயே நான் அம்மனுக்குக் கட்டப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, "வெள்ளப் பூ வந்திருச்சு" என்றேன். மனைவி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பணத்தை அனுப்பினேன். மில்லுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மேகமலைப் பெண்கள்கூட, "ஆத்தா குடுத்துட்டாள்ல, பெறகு என்னண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் பூவைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. குளிக்காமல் கேட்டது கேட்டதே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் வாட்ஸப்பில் கடன் அனுமதிக் கடிதம் வந்தது. முத்திரை, கையெழுத்து, என் பெயர், மில்லின் பெயர், ஒன்பது லட்சம் என்று எழுத்திலும் எண்ணிலும். ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்தேன். எங்கள் மில்லிலேயே அரைத்த மஞ்சளைக் குழைத்து நான்கு மூலையிலும் தடவி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்கிற மாதிரி.

அடுத்த வாரம் இன்சூரன்ஸ் என்று இருபத்தேழாயிரம் கேட்டான்.

மனைவி உடனே கேட்டாள். "கழிச்சுக்கிட்டுக் குடுக்கச் சொல்லுங்களேன். பஜார்ல எல்லாரும் அப்படித்தான தாராக."

பத்தாவதுகூடப் படிக்காதவள். அவள் கேட்ட அந்த ஒரு கேள்வி போதும், இந்த மாதிரி ஆட்களை வாசலோடு அனுப்பிவைக்க. நான் அதை அப்படியே போனில் கேட்டேன். "கவர்மென்ட் பணம் சார், அதுல நாங்க கை வைக்க முடியாது. நீங்க கட்டுற பணம் லோனோட சேர்ந்து திரும்ப வந்துரும்" என்றான். நான் அதை அவளிடம் அப்படியே ஒப்பித்தேன். அனுப்பச் சொன்ன கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. முதல் தடவை வேறு ஒரு ஆண் பெயர். கேட்டதற்கு, "எங்க கேஷியர் சார்" என்றான்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மறைக்க மாட்டேன். அனுப்புகிற பட்டனுக்கு மேல் இருந்த அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தேன். ஆனாலும் அழுத்தினேன்.

மில்லுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறவர் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன மாப்ள, கடன் வந்திருச்சா?"

"வந்துக்கிட்டு இருக்கு மாமா."

"எதுல வருது, மேகமல பஸ்லயா? அது மேல பஞ்சராகி நிக்கிதாம்ல."

பெஞ்சில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

"சரி, இதுவரைக்கும் நீ எவ்வளவு கட்டிருக்க?"

"முப்பத்தோராயிரத்துச் சில்லற."

"அடப்பாவி, அப்ப நீதான அவனுக்குக் கடன் குடுத்துக்கிட்டு இருக்க! வட்டி என்ன போட்டிருக்க?"

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. "ஆத்தா பூ குடுத்திருக்கா மாமா. வாயக் கழுவுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஆத்தா, தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஊரில் உண்மையைச் சொன்ன ஒரே வாயை அம்மன் பெயரைச் சொல்லி அடைத்தேன்.

மூன்றாவதாக அறுபதாயிரம். கடனுக்கு என் பங்காகக் கட்ட வேண்டிய மார்ஜின் என்றான். இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏமாந்தவர்களைப் பார்த்து, "இத்தன தடவ எப்படிக் கட்டினாக, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்கிறார்கள். கிறுக்கு இல்லை. நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டும். நிறுத்தினால், வெள்ளைப் பூ வந்தது என்று நான் ஊரெல்லாம் சொன்னது என்ன ஆகும்? ஒன்று, ஆத்தா பொய் சொன்னாள் என்று ஆகும். இல்லையென்றால் முதல் பூ சிவப்பு என்பதை நான் சொல்ல வேண்டும். இரண்டையும்விட அறுபதாயிரம் எனக்குச் சுலபமாக இருந்தது.

நான்காவது எண்பத்து நாலாயிரம். பணத்தை விடுவிப்பதற்கு வரி என்றான். அது மனைவியின் சீட்டுப் பணம். ஏழு வருடம் இட்லி மாவு விற்றுக் கட்டின சீட்டு. நான் கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மன் படத்தைப் பார்த்தாள்.

"அவ சொன்னதுக்காகத் தாரேன். ஒங்களுக்காக இல்ல" என்றாள்.

முதல் பூவைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

ஐந்தாவதாக ஒரு லட்சம் கேட்டான். மார்கழி பாதி முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் அந்த மஞ்சள் தடவின தாளை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். அதே அதிகாரி. வாங்கிப் பார்த்தார். மூலையில் இருந்த மஞ்சளை விரலால் தொட்டார். அவர் முகத்தில் வந்தது கோபம் என்றால் எனக்குப் பரவாயில்லை. அது பாவம் பார்க்கிற முகம்.

"எவ்வளவு சார் கட்டினீங்க?"

சொன்னேன்.

"கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி யார் சார் பணம் வாங்குவா? எங்ககிட்டயும் சார்ஜ் உண்டு. ஆனா ரசீது உண்டு, பேங்க் பேர்ல உள்ள கணக்குக்குத்தான் போகும். தனி ஆள் கணக்குக்கு அனுப்புங்கன்னு நாங்க சொல்ல மாட்டோம். பணத்தக் கட்டினாத்தான் கடன் வெளிய வரும்னு எவன் சொன்னாலும் அவன் திருடன்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். "இந்த மாதிரித் தாள் வந்தா என்கிட்ட கொண்டாந்து காட்டியிருக்கலாமே. காட்டுறதுக்குக் காசா சார் கேக்கப் போறேன்?"

அங்கேயே என் கணக்கில் செய்ய வேண்டியதைச் செய்தார். அனுப்பின செக்கைப் பாஸ் செய்யாமல் நிறுத்திவைத்தார். ஆதாரும் பானும் அவர்கள் கையில் இருப்பதால் என் பெயரில் வேறு எங்காவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று மாதாமாதம் பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் பார்க்கிறேன். சம்பந்தமில்லாத ஆள் ஒருவன் என் பெயரைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு எங்கோ திரிகிறான் என்ற நினைப்பு போகவில்லை.

தேனிக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். முதல் பணம் போன அன்றைக்கே வந்திருந்தால் எங்காவது மறித்திருக்கலாம் என்றார்கள். என்னோடு பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் போடியில் ஏலக்காய் வியாபாரம். இன்னொரு அம்மா கூடலூரில் தையல் கடை. மூன்று பேருக்கும் ஒரே பேச்சு, ஒரே கோட்டா, ஒரே ஐந்து மணிக் கெடு.

"என்னைய அந்தக் கவர்மெண்டு முத்திரதான்ணே ஏமாத்திருச்சு. ஒங்கள?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எனக்கும் அதான்மா" என்றேன். எழுதிக் கொடுத்ததும் அதுதான்.

சீட்டுப் பணத்தோடு சேர்த்து, போன ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரமும் இடத்துக்காகச் சேர்த்துவைத்த எட்டிலிருந்து போனது. கட்டடக்காரரிடம் போய் நின்றேன். அவர் தை கடைசி வரைக்கும் காத்திருந்தார். தை கடைசியில் அவர் மகன் வந்து செல்போன் கடைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டான். ஆடிட்டர் சரி செய்த கணக்குத் தாள்கள் மாசி முதல் வாரம் வந்தன. ஆடிட்டர் மேல் தப்பில்லை. அவர் கேட்ட இரண்டு பில் புத்தகத்தை, கடன்தான் வரப்போகிறதே என்று நான்தான் கொடுக்காமல் இழுத்தேன். வங்கி அதிகாரி பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார், கொடுத்திருக்கலாம்" என்றார். கொடுத்திருக்கலாம். அந்தச் சொல்லை நான் எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது.

இதற்கு நடுவில் என் மனைவி கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். செவ்வாய் வந்தால் நான் முதல் பிடி அரைத்து வைப்பேன். அது சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். வீட்டில் விளக்கு ஏற்றுவது நின்றது. ஊரிலும் பேச்சுக் கிளம்பிவிட்டது. "மில்லுக்காரருக்கு வெள்ளப் பூவக் குடுத்து ஆத்தா கவுத்துட்டா." பூசாரியிடமே இரண்டு பேர் கேட்டார்களாம். அவர் திருநீற்றைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு சொல் போதும். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

மெஷினைக் கழற்றுகிற நாள் வந்தது. தூக்க நான்கு ஆள், ஒரு மினி லாரி. ஊருக்கு வெளியே மார்க்கையன்கோட்டை ரோட்டில் ஒரு கொட்டகை பிடித்திருந்தேன். பஸ் நிற்காத இடம். எந்த மெஷினை நகர்த்தினாலும் சூடம் காட்டிவிட்டுத்தான் நகர்த்துவோம். சூடத்தை மனைவி கையில் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"பொய் சொன்னவளுக்கு எதுக்குச் சூடம்?"

தூக்க வந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு நின்றார்கள்.

"அப்படிச் சொல்லாத" என்றேன்.

"ஏன் சொல்லக் கூடாது? இருவத்திரெண்டு வருசம் மொதப் பிடி மாவு தின்னா. ஏழு வருசம் இட்லி மாவு வித்த காசு, அவ மூஞ்சியப் பாத்துத்தான் குடுத்தேன். வேண்டாம்டீன்னு ஒரு சொல்லு சொல்ல முடியலையா அவளுக்கு?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மில்லைப் போகவிட்டேன், பணத்தைப் போகவிட்டேன். இதையும் அம்மன் தலையில் போட்டுவிட்டு நிற்க முடியவில்லை.

"சொன்னா" என்றேன். "மொதல்ல சொன்னா. மொதப் பூ செவப்பு. நான்தான் குளிக்கலன்னு சொல்லித் திருப்பிக் கேட்டேன்."

கையில் மெஷின் பெல்ட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"பூசாரியண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆத்தாளுக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் வெள்ளப் பூவு." சூடத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள். "நான் அவளத் திட்டுன திட்டு எம்புட்டுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? ராத்திரியெல்லாம் திட்டிருக்கேன். பக்கத்துலதான படுத்திருந்தீக?"

படுத்திருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டுக் கோயில் பக்கம் நடந்தாள். நான் பின்னால் இரண்டு அடி வைத்தேன்.

"நீங்க வராதீக" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

சூடம் காட்டாமலேயே மெஷினை ஏற்றினோம். டீக்கடைக்காரர் வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். அவரும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கொட்டகையில் மில் ஓடுகிறது. மார்க்கையன்கோட்டை ஆட்கள் வருகிறார்கள். மலைப் பெண்கள் வருவதில்லை. அவர்கள் இப்போது பாக்கெட் பொடி வாங்குகிறார்களாம். செவ்வாய், வெள்ளி முதல் பிடி மாவை மனைவி எடுத்துப் போகிறாள். மாவை என்னிடம் கொடுத்து அனுப்புவதில்லை. புதிதாகக் கடை போடுகிறவர்கள், கடன் தேடுகிறவர்கள் யாராவது மில்லுக்கு வந்தால் அந்தப் போலிக் கடன் தாளை எடுத்துக் காட்டுகிறேன். கொடுக்கிறவன் உங்களிடம் முன்னால் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், உங்கள் கடையை வந்து பார்க்காதவன் கொடுக்கவும் மாட்டான், சந்தேகம் வந்த நாளிலேயே வங்கியில் போய்க் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள் என்று சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள். மூலையில் ஏன் மஞ்சள் என்று சிலர் கேட்கிறார்கள். அதையும் இப்போதெல்லாம் சொல்கிறேன்.

கோயிலுக்கு நான் போகாமல் இல்லை. பூசாரி எப்போதும் போலத் திருநீறு கொடுக்கிறார். போன வருடம் இந்தக் கொட்டகையையும் விற்கப்போவதாகப் பேச்சு வந்தபோது, "என்ன தம்பி, பூ கேக்கணுமா?" என்றார்.

"வேண்டாம்ணே" என்றேன்.

கேட்டால் முதலில் வருகிற பூவோடு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை.